கிழங்கும் கொசுறும்

21 நாள் உருளைக்கிழங்கைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று கிளம்பியவனின் கதை. அவனுக்கு முன்னால் அதே வழியில் போனவர்களின் கதையும்.

"இன்னாண்ணா, வூட்ல விசேஷமா?"

பத்துக் கிலோ உருளைக்கிழங்கு கேட்டதும் காய்கறிக் கடை அக்கா இப்படிக் கேட்டார். நியாயம்தான். பத்துக் கிலோ கிழங்கு என்றால் பூரி மசால். பூரி மசால் என்றால் நிச்சயதார்த்தமோ காதுகுத்தோ நடக்கிறது என்று அர்த்தம். "எனக்குத்தான்க்கா" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். பச்சை பாய்ந்திருந்த இரண்டு கிழங்கைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் பையைக் கட்டினார்.

ஒரே உணவை மட்டும் தின்று மனிதன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? ஆசிரியர் குழுக் கூட்டத்தில் யாரோ விளையாட்டாகக் கேட்டது, கடைசியில் என் தலையில் விடிந்தது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருக்கிறேன் என்று முதலில் வீரம் பேசினேன். மனைவி பேரம் பேசி அதை 21 நாளுக்கு இறக்கினாள். குடும்ப மருத்துவர் சர்க்கரை, சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க" என்று அனுமதித்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஆரம்பிப்பதற்கு முந்தைய ஒரு வாரம் நான் வழக்கமாக என்னென்ன சாப்பிடுகிறேனோ அதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். அந்த நோட்டு பின்னால் என் காலை வாரிவிடப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

விதிகள் எளிமையானவை. உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு, நாளுக்கு இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், தண்ணீர், பால் சேர்க்காத காபி. அவ்வளவுதான்.

ஏன் உருளை?

ஒரே உணவு என்று முடிவெடுப்பவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது கிழங்குக் கூடை முன்னால்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. உருளையில் மாவுச்சத்து மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். 100 கிராமில் சுமார் 2 கிராம் புரதம் உண்டு. அளவில் குறைவானாலும் தரத்தில் நல்ல புரதம். வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் கணிசமாக உண்டு.

இதை முறையாகச் சோதித்தவர்கள் போலந்து ஆய்வாளர்களான கோனும் கிளைனும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 167 நாள் உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்ததை 1928ல் அவர்கள் பதிவு செய்தார்கள். உடலின் புரதக் கணக்கு குலையவில்லை, ஆரோக்கியம் கெடவில்லை. என்னை அசரவைத்தது இன்னொரு வரி: இருவருக்கும் சலிப்பே தட்டவில்லையாம். அதைப் படித்துவிட்டுத்தான் தைரியமாகக் கிளம்பினேன். மூன்றாம் நாளே அவர்கள் இருவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

அமெரிக்காவில் கிறிஸ் வாய்ட் என்பவர் 2010ல் 60 நாள், நாளுக்கு 20 கிழங்கு என்று சாப்பிட்டார். அவர் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் தலைமை அதிகாரி. ஏழைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு உணவுத் திட்டத்தில் எல்லாக் காய்கறிக்கும் இடம் கொடுத்து உருளையை மட்டும் விலக்கியதற்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது. வியாபாரம் அவருடையது என்றாலும் உடம்பும் அவருடையதுதான். எடை 89 கிலோவிலிருந்து 80க்கு இறங்கியது, கொலஸ்ட்ரால் 214லிருந்து 147க்கு வந்தது.

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டெய்லர் சோதனையை ஓர் ஆண்டுக்கு இழுத்தார். 2016 முழுவதும் கிழங்கு. எடை 50 கிலோவுக்கு மேல் குறைந்தது. எடையைவிட அவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்தது. குடிக்கு அடிமையானவன் குடியை ஒரேயடியாக விட்டுவிடலாம். தீனிக்கு அடிமையானவன் சாப்பாட்டை விட முடியுமா? முடியாது. அதனால் விடுவதற்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

பாயசத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது?

முதல் நாள் பண்டிகைபோல இருந்தது. காலையில் வேகவைத்தது, மதியம் மசித்தது, இரவு சுட்டது. இரண்டாம் நாள் அதையே வரிசை மாற்றினேன். மூன்றாம் நாள் மதியம், எதிர் வீட்டில் சாம்பாருக்குப் பெருங்காயம் தாளித்த வாசனை ஜன்னல் வழியே வந்தபோது கையில் இருந்த கிழங்கு திடீரெனச் சுண்ணாம்பாக மாறியது. பசி இருந்தது, ஆனால் தொண்டை இறக்க மறுத்தது.

இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டு. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்டால் வயிற்றுக்கு முன்பாக நாக்கு நிறைந்துவிடும். வேறு சுவை வந்தால் மறுபடி பசி திறந்துகொள்ளும். அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தவர்களைவிட, நான்கு விதமான உள்ளடக்கம் வைத்துக் கொடுத்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நமக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். கல்யாணப் பந்தியில், "ஐயோ, ஒரு பருக்கைக்கு இடமில்லை" என்று இலைமேல் கையை விரித்தவர், பாயச வாளி வந்ததும் கையை எடுத்துவிடுகிறார்.

போதாக்குறைக்கு, உருளை வயிற்றை அடைப்பதில் மன்னன். சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 1995ல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது நெடுநேரம் பசி தாங்குகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால் வேகவைத்த உருளைக்கு 323. முதலிடம். வெண்ணெய் மினுங்கும் குரோசானுக்கு 47தான், கடைசி இடம்.

ஆக, ஒற்றை உணவில் எடை குறைவதில் மாயம் ஏதும் இல்லை. நாக்கு சீக்கிரம் சலிக்கிறது, வயிறு சீக்கிரம் நிறைகிறது, கை தானாக நிற்கிறது. நாளுக்கு இரண்டு கிலோ தின்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஒன்றேகால் கிலோவைத் தாண்ட முடியவில்லை. அலுவலகத்தில் மாலை நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி வரும்போது, "சாருக்கு வேணாம், அவர் கிழங்கு" என்று தட்டு என்னைத் தாண்டிப் போகும். என்ன தின்பது என்று யோசிக்கும் வேலை அடியோடு போயிற்று. அது ஒரு விடுதலை என்றுகூடத் தோன்றியது, ஆறாம் நாள் அம்மா போன் செய்யும்வரை.

"சாப்பாடு என்னடா?"

"காலைல என்ன சாப்ட்ட?"

"கிழங்கும்மா."

"மத்தியானம்?"

"கிழங்கு."

"அது சரி. சாப்பாடு என்ன சாப்ட்ட?"

எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவின் கேள்வி அங்கேயேதான் வந்து நின்றது. அவர் கணக்கில் உருளை என்பது தொட்டுக்கொள்ள. தட்டின் ஓரத்தில் இருக்க வேண்டியது. நடுவில் சோறு இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை.

அன்று இரவு மருத்துவர் சொல்லி எழுதிய நோட்டை எடுத்துப் புரட்டினேன். கிழங்குக்கு முந்தைய, "விதவிதமாக" நான் சாப்பிட்ட வாரம். இட்லி. சாம்பார் சாதம். தோசை. பொங்கல். ரசம் சாதம். இடியாப்பம். ஆப்பம். தயிர் சாதம். 21 வேளையில் 18 வேளை அரிசி. மூன்று இரவு சப்பாத்தியும் பரோட்டாவும். ஒற்றை உணவுச் சோதனைக்காக வெளிநாட்டுக்காரர்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தவன் நாற்பது வருடமாக அந்தச் சோதனைக்குள்தான் இருந்திருக்கிறேன். அரைத்து, புளிக்க வைத்து, பிழிந்து, ஆவியில் வேகவைத்து, ஒரே தானியத்துக்குப் பத்து வேஷம் போட்டு வைத்திருக்கிறது நம் சமையலறை. நாக்கு ஏமாந்துவிடுகிறது.

உடம்பு ஏமாறாது. அதற்குச் சாட்சி வரலாற்றில் நிறைய.

ஜாவாவில் டச்சுக்காரர்களின் ராணுவ மருத்துவமனையில் கிறிஸ்டியான் எய்க்மன் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். கால் மரத்து, இதயம் வீங்கிச் சாகடிக்கும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளும் கால் துவண்டு விழுந்தன. பிறகு திடீரென்று தாமாகவே தேறின. விசாரித்ததில் ஒரு சமையல்காரர் கதை வெளியே வந்தது. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டுவந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவ அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, பிழைத்தன. தவிட்டில் இருந்த ஏதோ ஒன்று உயிர் காத்தது. அதுதான் பின்னாளில் தயமின், வைட்டமின் பி1. எய்க்மனுக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்து மலாயாவில் ஆங்கிலேய மருத்துவர் பிராடன் இன்னொன்றைக் கவனித்தார். சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். அதே மண்ணில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை நோய் அவ்வளவாகத் தொடவில்லை. இருவருக்கும் அரிசிதான் உணவு. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தோட்டத்துக் கூலிகளாகக் கப்பலேறியவர்களை, ஊரில் நெல் அவித்த அண்டாவின் பழக்கம் கடல் கடந்தும் காத்தது. கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905ல் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். நோய் பச்சரிசிப் பக்கமே விழுந்தது.

நம் குன்னூருக்கும் இதில் பங்கு உண்டு. 1918ல் அங்கே பெரிபெரி ஆய்வுக்கென்று தொடங்கிய சின்னக் கூடம்தான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்பதை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவு உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியே பிரதானமான மதராஸ் உணவு உண்டவை கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றன. நம் எலி தோற்றதற்குக் குற்றவாளி சோறு மட்டுமல்ல. சோற்றுக்குப் பக்கத்தில் எதுவும் போதுமான அளவு இல்லை.

ஓரத்தில் இருந்தது

இதைப் படித்த பிறகு பழைய சோதனைக்காரர்களின் தட்டுகளை மறுபடி பார்த்தேன், இந்த முறை நடுவை விட்டுவிட்டு ஓரத்தை. போலந்துக்காரர்கள் கிழங்கோடு கொழுப்பும் சேர்த்துக்கொண்டார்கள். வாய்ட் எண்ணெய் சேர்த்துக்கொண்டார். டெய்லர் சர்க்கரைவள்ளியும் சேர்த்தார், பி12 மாத்திரையும் போட்டுக்கொண்டார். ஒற்றை உணவில் ஜெயித்தவர் யாரும் முழுக்க ஒற்றையாக உண்ணவில்லை.

ஓரத்தைத் தள்ளிப்போட்டவர் ஒருவர் உண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் ஸ்டார்க். எளிய உணவே போதும் என்று நிரூபிக்க 1769ல் தன்னையே சோதனைக்கூடமாக்கினார். தொடக்கத்தில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். பிறகு கொஞ்சம் சர்க்கரை, அப்புறம் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இளமையில் இரண்டு வாரம் ரொட்டியும் தண்ணீருமாகவே திடமாக இருந்தேன் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்னது அவருக்கு ஊக்கம். ஈறு வீங்கி, ஊதா நிறமாகி, ரத்தம் கசிந்தது. ஸ்கர்வி. எலுமிச்சையும் ஆரஞ்சும் அதைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் 1747லேயே கப்பலில் சோதித்துக் காட்டியிருந்தார். ஸ்டார்க்கின் பட்டியலிலும் பழங்களும் காய்கறிகளும் இருந்தன, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற இடத்தில். 1770 பிப்ரவரியில் செத்துப்போனார். வயது 29.

இதைப் படித்தது பதினோராம் நாள். அன்று நள்ளிரவு ஃப்ரிட்ஜைத் திறந்து, விளக்குகூடப் போடாமல், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் மனைவி ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எலி வந்துச்சுபோல" என்றாள். குன்னூர் எலி என்று நினைத்துக்கொண்டேன்.

முயல நினைப்பவர்களுக்கு

சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இந்தப் பக்கமே வரவேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உருளையின் பொட்டாசியமே ஆபத்து. பச்சை பாய்ந்த, முளைவிட்ட கிழங்கில் சொலனைன் என்ற நச்சு கூடும். கடை அக்கா பொறுக்கிப் போட்டது சும்மா இல்லை. உருளையில் பி12 கிடையாது, வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. முதல் சில நாளில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். எனக்கு மொத்தம் மூன்று கிலோ குறைந்தது. ஒரு மாதத்தில் இரண்டு கிலோ திரும்பி வந்துவிட்டது.

பதினாறாம் நாள்

அம்மா ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"எனக்கு இந்த வாடையே ஆவாதுடா" என்றார்.

"இது உருளைம்மா."

"எதுவானா என்ன, கிழங்குதான்."

அம்மா மரவள்ளிக் கிழங்கு தின்று நான் பார்த்ததில்லை. சிப்ஸ் வாங்கி வந்தால்கூடத் தொடமாட்டார். பிடிக்காது போல என்று இத்தனை வருடம் விட்டுவிட்டேன். அன்றுதான் கேட்டேன், சொன்னார். அறுபதுகளின் நடுவில் தமிழ்நாடே அரிசிக்குத் திண்டாடியது. 1967 தேர்தல் மேடைகளில் ரூபாய்க்கு எத்தனை படி என்பதே பேச்சாக இருந்தது. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. "காலைல குச்சிக்கிழங்கு, ராத்திரிக்கும் அதே. உப்பும் பச்சமொளகாயும் இருந்தா அன்னிக்கு விருந்து. வேகவச்ச தண்ணிய ரெண்டு தடவ கொட்டணும், இல்லாட்டி தல சுத்தும்னு எங்காயா நின்னு பாத்துக்கும்."

ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது. மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. 1981ல் வறட்சி தாக்கிய மொசாம்பிக்கில், சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே தின்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் செயலிழந்தது. பருப்போ மீனோ பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் புரதத்தைக் கொண்டு உடம்பு நஞ்சை முறித்திருக்கும். அயர்லாந்திலும் இதே கதைதான். அங்கே உழைப்பாளி ஒருவர் நாளுக்கு ஐந்தாறு கிலோ உருளைக்கிழங்கு தின்றார், பக்கத்தில் மோர். மோர் இருந்தவரை உடம்பு திடமாக இருந்தது. ஆனால் மாற்று உணவு என்று ஒன்று கைவசம் இல்லை. 1845ல் கருகல் நோய் வந்து கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள்.

கையில் காசு குறையும்போது தட்டில் முதலில் காணாமல் போவது ஓரம்தான். கீரை போகும், மோர் போகும், பருப்பு தண்ணீராகும். நடுவில் இருப்பது மட்டும் மலைபோல நிற்கும். யாரும் முடிவெடுக்காமலே ஒற்றை உணவு வந்துவிடும். எனக்கு அது கட்டுரை, அம்மாவுக்குப் பத்து வயது.

"எத்தன நாளும்மா அப்படி?"

"யாரு எண்ணுனா? ஒனக்கு இன்னும் எத்தன நாள் பாக்கி?"

"அஞ்சு."

"நெனச்சா இப்பவே நிறுத்தலாம்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. கிழங்கைக் கீழே வைத்தேன். அம்மா எழுந்து சமையலறைக்குள் போனார். அரைமணி நேரத்தில் தட்டு வந்தது. ஒரு கை சோறு, அதைவிடக் கூடுதலாக அரைக்கீரைக் கடைசல், பருப்பு, பக்கத்தில் ஒரு டம்ளர் மோர்.

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடைக்குப் போனேன். அக்கா மறக்கவில்லை. "எத்தினி கிலோண்ணா?" என்று பெரிய பையாக எடுத்தார். "கால் கிலோ போதும்க்கா. கூட ரெண்டு கட்டு அரைக்கீரை" என்றேன். சிரித்துக்கொண்டே நிறுத்துப் போட்டுவிட்டு, காசு வாங்கிய பிறகு, பையின் மேலே கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் திணித்தார்.